ஒன்பதாவது கேசட்

ஒரு மணி நேர கேசட் கணினியில் ஏற
ஒரு மணி நேரமேதான்.
களியக்காவிளைக் கடையைப் பாதி சாத்திவிட்டு
உட்கார்ந்திருக்கிறோம், நானும் மைனியும்.

எட்டு கேசட்டிலும் வில்ஃபிரட் அண்ணன் இல்லை.
எடுத்தவன் அவன்.
ஞானஸ்நானத்தில் ஓர் இருமல்,
கேக் வெட்டுகையில் லென்ஸை மறைத்த கட்டைவிரல்,
அவ்வளவு.

ஒன்பதாவதில் அணைக்க மறந்திருக்கிறான்.
தலைகீழாய்த் தார்ச்சாலை.
வேட்டிக் கரை.
வலது செருப்பின் வாரில் ஊக்கு.
செக்போஸ்ட் தாண்டியதும்
பலகைகளில் எழுத்து மாறுகிறது.
"ஏத்தன் கிலோ எத்ர?"
விலை கேட்டபின் முனகல் மட்டும் தமிழில்.
அப்புறம் பதினோரு நிமிடம்
சும்மா நடக்கிறான்.

"இத வெட்டிரட்டா?" தொழில் பழக்கம், கேட்டுவிட்டேன்.

மைனி திரையை விட்டுத் திரும்பவில்லை.
"எடம் பத்தலேன்னா
கல்யாணத்த வெட்டும்."