மீதிக் காற்று

காற்றுக்கு எடை உண்டு.
படித்துச் சொல்லவில்லை, என் கழுத்து சொல்கிறது.

விடிந்ததும் கொட்டகையிலிருந்து இரண்டு சிலிண்டர்:
ஒன்று தலையில், சும்மாட்டின்மேல் கிடையாக,
இன்னொன்று தோளில்.
கறுப்புக் கூழாங்கல் கரை இது.
அகுங் மலை கக்கியதை
அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கி வைத்திருக்கிறது.
ரப்பர் செருப்புக்கு அடியில்
ஒவ்வொரு கல்லும் வேறு வேறு பக்கம் ஓடப் பார்க்கும்.

இறங்கும்போது கனம்.
ஒரு மணி நேரம் கழித்து ஏறும்போது
நன்றாக வளர்ந்த ஒரு கோழியின் எடை
குறைந்திருக்கும்.
அந்தக் கோழியைத்தான் அவர்கள்
கடலடியில் தின்றுவிட்டு வருகிறார்கள்.

பயந்தவன் அரை மணிக்குள்
எலும்புவரை தின்றுவிடுவான்.
முட்டிவலியோடு வருஷா வருஷம் வருகிற ஜப்பான்காரி
ஒரே ஓர் இறக்கையைக் கொறித்துவிட்டு
மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவாள்.
தேனிலவுக்கு வந்த ஜோடி
ஒரே அளவு தின்று நான் கண்டதில்லை.
தலையில் வைத்ததுமே சொல்லிவிடுவேன்.
கெடே விராதா முள்ளைப் பார்த்துவிட்டு
"சரிதான், சரினிங்" என்பான்.

கப்பலை நான் பார்த்ததில்லை.
ஒருமுறை மீன்படகிலிருந்து எட்டிப் பார்த்தேன்,
தண்ணீருக்குள் நீளமாக ஓர் இருட்டு, அவ்வளவுதான்.
அதன் முதுகெல்லாம் பவளம் என்கிறார்கள்.
பீரங்கி வாய்க்குள் விலாங்கு குடித்தனம் நடத்துகிறதாம்.
இருட்டோடு போனால்
நெற்றி புடைத்த கிளிமீன்கள்
தொழுவத்து மாடுகள் மாதிரி
மந்தையாய்த் தூங்குமாம்.
"உம்" என்பேன்.
சிலிண்டருக்கு இவ்வளவு என்றுதான் கூலி,
மீனுக்குத் தனியாக இல்லை.

மழை தொடங்குவதற்கு முந்தின வாரம்
லித்துவேனியாக்காரன் ஒருவன் வந்தான்.
ரிம்விதாஸ் என்று பெயர்.
எங்கள் கொட்டகை வாசலில்
இரண்டாக மடிந்து நுழைகிற உயரம்.
முன்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாய்ச் சூட்டுத் தழும்பு.
இறங்கினான்.
நான் சும்மாட்டை உதறி மடிப்பதற்குள்
குமிழிகள் கரைப்பக்கம் திரும்பிவிட்டன.

துடுப்பைக்கூடக் கழற்றாமல்
அலையோரம் உட்கார்ந்தான்.
காதைத் தொட்டுக் காட்டி, வலியா என்றான் கெடே.
இல்லை.
தலைசுற்றலா?
இல்லை.
"நான் கப்பல் கட்டுகிறவன்.
இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங்."
கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தான்.
"ஆணி அடித்துக் கட்டிய காலத்துக் கப்பல் அது.
விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன்.
ஆணிகள் வரிசை குலையாமல் நிற்கின்றன.
அவை பிடித்திருந்த தகடு
இல்லை."

கெடே அதை எனக்குப் பாலி மொழியில் சொன்னான்.
பாதி விளங்கியது.

அதற்கப்புறம் அவன் செய்ததுதான் வேடிக்கை.
சிலிண்டரைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு
கரையேறப் பார்த்தான்.
மூன்று அடி.
நான்காவது கல்
அவனைப் பிடித்து உட்கார வைத்தது.
சிரித்துவிட்டேன்.
அவனும் சிரித்தான், மூக்கில் கடல் ஒழுக.
வாங்கித் தலையில் வைத்தேன்.

கழுத்து திடுக்கிட்டது.
கோழி அப்படியே இருக்கிறது.
ஓர் இறகுதான் குறைவு.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
இறக்கிய கனத்தையே ஏற்றுகிறேன்.
கூலி என்னவோ அதே கூலி.

கொட்டகைக்குப் பின்னால்
கம்ப்ரசர் கத்திக்கொண்டிருந்தது.
யாரும் இல்லை.
திருகைக் கால் சுற்றுத் திறந்து
முகத்தை நீட்டினேன்.
கப்பல்வரை போய்,
யாருக்கும் மூச்சாகாமல் திரும்பி வந்த காற்று.
உப்பு மணக்கும் என்று நினைத்திருந்தேன்,
துரு, பழைய எண்ணெய், ஏதாவது.

ஒன்றுமே இல்லை.
வறட்டுக் குளிர்.
கண் கூசியது,
நெற்றி மயிர் பின்னால் பறந்தது.
இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

வேன் வந்து நிற்கிற சத்தம்.
மூடிவிட்டுச் சும்மாட்டைச் சுற்றினேன்.
எட்டுப் பேர்.
எட்டுக் கோழி.