அரைக்கால்வீசம்

வக்கோவாவில் இன்றும் மழை.
கான்கிரீட்டுக்கு நல்லது என்கிறான் ஷொஃபிக்,
ஈரத்தில்தான் இறுகுமாம்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
கோபால்ட் குடிவரப்போகும் அறை.
சன்னல் இல்லை.
உள்ளே போக இரண்டு முறை திரும்ப வேண்டும்;
ஒவ்வொரு திருப்பத்திலும் காமா கொஞ்சம் வலுவிழக்கும்.

சுவர் ஒரு மீட்டர் இருபது.
கரும்புக்காட்டின் நடுவே குவிந்து கிடந்த கருங்கல்லை
நொறுக்கிச் சேர்த்தது.
கப்பலில் வந்தவர்கள்
நிலம் திருத்தும்போது பொறுக்கி எறிந்த கல்.
அவர்களுக்கு அது இடைஞ்சல்.
எனக்கு, கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி.

எடைதான் இங்கே காவல்.
தகரத்தை அது மதிக்காது, பலகையையும்.
செங்கல்லில் சற்றுத் தயங்கும்.
ஈயம் கெட்டிக்காரன்,
விரல்கனத்தில் பாதியைப் பிடித்துவிடுவான்,
ஆனால் ஆள் நிற்கமாட்டான்,
தன் எடையிலேயே தொய்ந்துபோவான்.

கான்கிரீட்டில் மூன்று விரற்கடை கடந்தால்
வந்ததில் பாதி மிஞ்சும்.
இன்னும் மூன்று, பாதியில் பாதி.
அரை. கால். அரைக்கால். வீசம்.
அரைவீசம், கால்வீசம், அரைக்கால்வீசம்.
அதற்குக் கீழே பெயர் எனக்குத் தெரியாது.
சுவரோ இன்னும் முக்கால் மீட்டருக்கு மேல் இருக்கிறது.

சோதனைக்கு உள்ளே ஒரு சிறு மூலம் வைத்து
வெளியே கருவியோடு சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.
டிக். டிக்.
முழங்கால் உயரத்தில் ஓரிடத்தில்
டிக்டிக்டிக்டிக்.
ஷொஃபிக் சுத்தியலால் தட்டினான்.
மற்ற இடமெல்லாம் கல், இங்கே மட்டும் பானை.
லாரி தாமதித்த அந்த ராத்திரி
சரியாகக் குத்திவிடாத கலவை
உள்ளே தேன்கூடாய் உறைந்திருக்கிறது.

பூசிவிடலாம், வெளியே தெரியாது என்றார்
ஒப்பந்தக்காரர் செலேன்.
தெரிவதைப் பற்றி யார் பேசினார்கள்?
அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம்
ஜிஸ்லேன் மூத்தியேனின் நாற்காலி வரும்.
நோயாளிகளின் அட்டைகளை அடுக்குகிறவள்,
எட்டு மணிநேரம், வாரத்தில் ஐந்து நாள்,
அதே முழங்கால் உயரம்.

நான்கு நாள் உடைத்தோம்.
குழைவாய்ச் சிமெண்ட் அழுத்தி,
அதன் மேல் ஈயத்தகடு.
செலேன் என்னோடு பேசுவதில்லை இப்போது.

மறுபடி அளந்த அன்று
ஜிஸ்லேன் வந்து எட்டிப் பார்த்தாள்.
"ஸெரோவா?"
இல்லை என்றேன்.
பாதியாக்கிக்கொண்டே போனால் பூஜ்யம் வராது.
மூலத்தை எடுத்துப் பெட்டியில் பூட்டிய பிறகும்
கருவி எண்ணிக்கொண்டுதான் இருக்கும்,
வானத்திலிருந்து வருவதை,
இந்தக் கல்லிலிருந்து வருவதை,
உன் எலும்பிலிருந்தும் கொஞ்சம்.

அவள் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள்.
பிறகு, காலண்டர் மாட்ட
இந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்டாள்.

அடிக்கலாம், குட்டையான ஆணி என்றேன்.
ஷொஃபிக் மட்டும்
சுத்தியலைத் தரவில்லை.