வலது இடுப்பில் சேறு

தெல்மோ ஸ்கரபெல்லோ,
நீ ஆடி நான் பார்த்தது
மொத்தமே ஆறேழு முறைதான்.
ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சலவை அறையில் வேலை.
ஆனாலும் உன் ஆட்டம் முழுக்க
என் கைக்கு வந்து சேர்ந்தது,
ஈரத்தோடு.

முன்வரிசைக்காரர்களின் சட்டையில்
கட்டிப்பிடித்தவர்களின் வியர்வை,
ஒருமுறை உதட்டுச்சாயம்.
கோல்கீப்பருக்கு முழங்கையில் சுண்ணாம்பு.
உனக்கு வலது இடுப்பில்
ஒரு சாண் அகலத்துக்கு
போ நதியின் சேறு.
பதினொரு வருடமும் அதே இடம்.
எதிராளி வரப்போகும் வழியில்
அரை நொடி முன்பே போய்ப்
படுத்துக் கிடப்பவனின் சேறு.

செய்தித்தாள் உன் பெயரைப் போட்டது இரண்டே தடவை,
இரண்டிலும் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.
நான் உப்பு போட்டு ஊறவைத்தேன்.
சேறு போனது.
அதன் நிழல் போகவில்லை.

ஃபெராராவுக்கு விற்றார்கள்.
அங்கிருந்து பாரி.
அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்க பெர்காமோவில்
மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு.
முழங்காலுக்குள் ஏதோ அறுந்ததாம்,
மூன்றாம் வரிசைவரை கேட்டதாம் அந்தச் சத்தம்.
பேருந்து ஓட்டும் அர்மீதோ வந்து சொன்னான்,
சொல்லிவிட்டுத் தன் முழங்காலையே தடவிக்கொண்டான்.
அன்றைய சட்டையை
யார் துவைத்தார்களோ.

முப்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தாய்,
பயிற்சியாளர் என்று.
கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கம்பளிக் கோட்டு.
"நீவெஸ், சௌக்கியமா?" என்று கேட்டாய்,
பதிலுக்கு நிற்கவில்லை.
மூன்று மாதம் உன் துணி ஒன்றும் என்னிடம் வரவில்லை,
கோட்டைக் கடையில் கொடுத்து வாங்கினாய்.
தோல்விகளைப்
பையன்களின் சட்டையில்தான் படித்தேன்.
எல்லாம் வெள்ளை வெளேர்.
நடுக்களம் நின்றுகொண்டே தோற்கிறது.
சொல்லியிருக்கலாம்தான்.
துணி துவைக்கிறவள் சொல்லி
எந்த ஊரில் அணி மாறியது?

டிசம்பரில்
உன் வெள்ளைச் சட்டை ஒன்று கூடையில் கிடந்தது.
கைப்பட்டை நெடுகப் பல் தடம்.
கோட்டுக்கு வெளியே நின்று
நீ கடித்துத் தின்றது அதைத்தான்.

பிப்ரவரியில் மூடுபனி.
பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை.
ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.
அன்று இயந்திரம் பழுது, நான் கதவோரம் நின்றிருந்தேன்.
நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.
பந்து உதைபடும் ஓசையை வைத்து
யார் எங்கே என்று உனக்குத் தெரிந்தது.
"இத்ரீஸ், இடப்பக்கம்!" என்றாய்,
பனிக்குள் எங்கோ இத்ரீஸ் திரும்பினான்.

அப்போதுதான்
அவர்களுடைய ஓரக்காரன்
வெள்ளைக் கோட்டை ஒட்டி
உன்னை நோக்கியே ஓடி வந்தான்.
அவனுக்கு முன்னால் நம் ஆள் ஒருவன்கூட இல்லை.
கால் யோசிக்குமா?
கோடு தாண்டி, கோட்டோடு, செருப்பும் ஷூவும் அல்லாத
அந்த நகரத்துத் தோல் காலணியோடு
விழுந்து சறுக்கினாய்.
பந்தை மட்டும்.
அவன் மேல் ஒரு கீறல் இல்லை.

சிவப்பு அட்டை.
அவர்களுக்குத் தண்டனை உதை. கோல்.
திங்கட்கிழமை காலை
தலைவர் உனக்குக் கணக்கு முடித்தார்.

கோட்டு என் கூடையில் கிடந்தது.
வலது இடுப்பு.
ஒரு சாண்.

நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள
எனக்கு அலமாரி கிடையாது, துவைத்தேன்.
குளிர்ந்த நீரில்தான்,
இருந்தும் சுருங்கிவிட்டது.
இப்போது அதை அர்மீதோவின் மகன்
பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிறான்.

நேற்று தொலைக்காட்சியில் உன்னைக் காட்டினார்கள்.
வேறு ஊர், மேல் பிரிவு, நீல நிறப் பையன்கள்.
நரை. இன்னும் கைப்பட்டையைக் கடிக்கிறாய்.
உன் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.
நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை.
எண்ணினேன்:
ஐந்து பேருக்கு வலது இடுப்பில் சேறு.

அந்த ஊரிலும் ஒருத்தி இருப்பாள்.
அவளிடம் சொல்,
வெந்நீர் ஆகாது.
முதலில் உப்பு. பிறகுதான் வினிகர்.