ஒன்பது பார்

பதினைந்து பார் சார் இது என்றான்
ஐந்து ரோட்டுக் கடையில் இர்ஃபான்,
பெட்டியில் அச்சடித்திருந்ததை எனக்கு வாசித்துக் காட்டி.
தம்பி,
பால் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக
நான் கட்டி மேய்க்கும் பாய்லர்
பத்தைத் தாண்டினால் ஊரைக் கூட்டும்.
இந்த ரொட்டி டப்பா
பதினைந்தை எங்கே வைத்திருக்கிறது,
திறந்து காட்டு.

திறந்தால் வாரண்டி போயிடும் சார்.

மூன்று மாதம் இப்படியே.
இரவு ஷிஃப்டில் லாக் புத்தகத்தின் பின்னட்டையில்
எழுதி எழுதி அடித்தேன்.
நீராவி ரகம் விலை மலிவு,
ஆனால் காபியை நெல் மாதிரி அவித்துவிடும்.
தானே அரைத்து, தானே வடித்து,
தானே கழுவிக்கொள்ளும் ஒன்றும் இருந்தது.
வீட்டுக்கு வந்தால் என்னை யாரென்று கேட்கும்.
நான் ஆசைப்பட்ட இத்தாலிக்காரனை
வசந்தாமணி இஞ்ச் டேப்பை வைத்தே முடித்தாள்:
மேடைக்கும் அலமாரிக்கும் நடுவே பதினாலரை,
அவன் பதினாறு.
அவளுக்கு வேறு கேள்வி ஒன்றுதான்.
யார் கழுவுறது?

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.
அம்மாப்பேட்டை போர் தண்ணீர்
ஒரு மாதத்தில் கெண்டிக்குள் சுண்ணாம்பு அடித்துவிடும்.
மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று
வால்வு திறப்பவருக்கே தெரியாது.
குழாயில் உப்புக் கட்டுவதை என் காது அறியும்,
கொதிக்கும் சத்தம்
சளி பிடித்தவன் பேச்சாகும்.

ஒரு ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்தர் ராணியின் களத்துக்குப் போனோம்.
கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.
சில்வர் ஓக் நிழல் நகர நகர
அவரும் தார்ப்பாயை வெயிலுக்கு இழுத்தபடி இருந்தார்.
எந்த மெஷின் நல்லது என்றேன்.
அரைக்கிறதுக்குக் காசை வைங்க,
மிச்சத்துல எது வருதோ அதை வாங்குங்க.
சொல்லிவிட்டு
எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தார்.

அதை நினைத்து நினைத்துச் சிரித்தபடி இறங்கிய வசந்தாமணி
பதினோராம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி
வாந்தி எடுத்தாள்.
வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

கடைசியில் வந்தது மோட்டார் இல்லாத ஒன்று.
ஒரு இரும்புக் கை, ஒரு குடுவை,
நெற்றியில் வட்டமாய் ஒரு மீட்டர்.
அழுத்தம் என் தோளில்தான்.
கரண்ட் போனாலும் காபி வரும்,
கழுவ மூன்றே உருப்படி,
நானே கழுவுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் முள் நாலைத் தாண்டவில்லை,
புளித்த கஞ்சி.
அடுத்த நாள் தூள் நைசாகி
தொங்கியும் ஒரு சொட்டு விழவில்லை.
மூன்றாம் வாரம் ஒன்பதில் போய் நின்றது.
எலிவால் தடிமனில், தேன் நிறத்தில்
இரண்டு தாரை இறங்கியதாம்.
அவள்தான் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணை எடுத்தால்
எங்கோ வெடிக்கும் என்று உடம்புக்குள் ஒரு சட்டம்.
அப்படியே நின்றதில் டம்ளர் ஆறிப்போனது.

மறுநாள் காலை மீட்டரின் கண்ணாடி தெரியவில்லை.
மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள்
நெருக்கி நெருக்கி,
ஒரு அட்டையே காலி.

பார்த்தது போதும், என்றாள்.
குடிங்க.

கை தானாக இறங்கியது.
எத்தனை பார், தெரியாது.
முதலில் கசப்பு,
பின்னால் கமலா ஆரஞ்சுத் தோலை
நகத்தால் கீறினது போல ஏதோ.
இன்னொன்று போட்டுத் தரட்டுமா என்றேன்.
எனக்கு டீ, என்றாள்.

இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
பூஜ்யம் இருக்கும் மூலையில்
ஒரே ஒரு பொட்டை நகத்தால் தூக்கிப் பார்த்தேன்.
முள் அங்கேதான் இருந்தது.
திரும்ப ஒட்டிவிட்டு,
எச்சில் தொட்டு இன்னொரு முறை அழுத்திவிட்டு,
வண்டியை எடுத்தேன்.