ஓட்டுக்கு ஓடு

பிரதேச ஆளுநர் என்பது என் பதவி.
ஆட்சிக்கு உட்பட்டவை:
இருபத்தொரு தொப்பி,
இரும்புப் பலகைகள் ஏற்றிய ஒரு டிரெய்லர்,
நெப்ராஸ்கா மணற்குன்றுகளுக்கு நடுவே
காற்று போனால் போகிறதென்று விட்டுவைத்த ஒரு கொட்டில்.
வாரநாளில் நான் லைல் ஹவோர்கா,
தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறவன்.
சனிக்கிழமை என் பெயர் ஈரத் தீக்குச்சி.
நல்ல பெயர்களையெல்லாம்
எனக்கு முன்னால் யாரோ பதிவு செய்துவிட்டார்கள்.

அக்டோபர் கடைசி. போட்டி முடிந்து
பீன்ஸ் கொதிக்கிற நேரத்தில்
தலைமையகத்துத் தீர்மானங்களை வாசித்தேன்.
ஒன்று: பூட்ஸில் ஜிப் இருக்கலாமா?
"ஆயிரத்து எண்ணூற்று எண்பதில் ஏதய்யா ஜிப்" என்றவருக்கு
நெஞ்சில் பேஸ்மேக்கர்.
இரண்டு: ஓடும்போது தொப்பி பறந்தால் ஐந்து நொடி தண்டம்.
இந்தக் காற்றில் குடியிருந்துகொண்டு
அதற்கு யார் கை தூக்குவார்கள்?
மூன்றைப் படிக்கும்போதே சோளரொட்டி வந்துவிட்டது.

நான்கு:
எழுபது தாண்டியவர்கள்
முதன்மைப் போட்டியிலும்
இருபத்திரண்டு காலிபர் ரிவால்வர் பிடிக்கலாம்.

கரண்டி நின்றது.
யாரும் டோர்லீனைப் பார்க்கவில்லை.
இருபது பேர் சேர்ந்து ஒருவரைப் பார்க்காமலிருந்தால்
அதற்கும் ஒரு சத்தம் உண்டு.

டோர்லீன் குசேரா, சனிக்கிழமைகளில் காட்டுப் பிளம்.
எழுபத்தெட்டு.
கட்டைவிரல் மூட்டு இஞ்சித் துண்டு.
சுத்தியலை இழுக்க இரண்டு கையும் வேண்டும்,
ஐந்து குண்டுக்கு ஐந்து முறை,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

ஆர்வல் ட்வெட் எழுந்தார்.
"அந்தப் பொடிக்குண்டு பட்டால் இரும்பு பாடாது,
தும்மும்.
பட்டதா இல்லையா என்று எண்ணுகிறவன் எப்படிச் சொல்வான்?
நம்மில் பாதிப்பேர் காதில் மிஷின்."
நியாயம்தான். ஆனால் தரையைப் பார்த்துச் சொன்னார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்வா கேட்டாள்:
"சத்தத்துக்கா வருகிறோம்?"
"பின்னே?" என்றார்கள் நாலு பேர்.

கை தூக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.
கடைசித் தடுப்பில், குதிரைப் போர்வைக்குப் பின்னால்
இரண்டு காபி டப்பா: சரி, கூடாது.
ஆளுக்கு ஒரு காலி ஓடு.
ஒவ்வொருவராகப் போய்
மொய் எழுதிய முகத்தோடு திரும்பினார்கள்.

ரகசிய ஓட்டுதான்.
ஆனால் போட்டி முடிந்ததும் குனிந்து ஓடு பொறுக்கி
அவரவர் பைக்குள் போடுவது
பதினாறு வருடமாக நான்.
கரி படிந்தது க்ளெட்டஸ்; கரிமருந்து அவன் ஒருவன்தான்.
நிக்கல் பூச்சு மார்வா.
அடியில் பச்சைக் கோடு, ஆர்வல்.
ஊதா நகப்பூச்சில் ஒரு பொட்டு, டோர்லீன்.

சரி: பத்து.
பச்சைக் கோடு அதில் கிடந்தது.
விளக்கடியில் மறுபடி பார்த்தேன். பச்சைதான்.
கூடாது: பதினொன்று.
கையை விட்டுக் கிளறினேன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஊதாப் பொட்டு.
என்னுடையது எதில் என்று சொல்லப்போவதில்லை.

டிசம்பரில், வேறொரு மாநிலத்து ஓட்டல் கூடத்தில்,
கொடுத்த வாக்குப்படி 'கூடாது' என்றேன்.
அங்கே தீர்மானம் ஜெயித்தது,
எங்களைக் கேட்காத காற்று போல.

ஏப்ரலில் டோர்லீன் வந்தாள்,
இடுப்பில் இரண்டு புதிய இருபத்திரண்டு.
சட்டம் சட்டம்தான் என்றாள்.
ஒற்றைக் கையால் சுத்தியலை இழுத்தாள்.
பீப் ஒலித்தது. தும்மல், தும்மல், தும்மல்,
எதுவுமில்லை, தும்மல்.
எண்ணுகிறவர்கள் மூவரில்
ஆர்வல் ஒரு விரல் தூக்கினார்: ஒன்று தவறியது.
மார்வா தூக்கவில்லை.
மூன்றாவது ஆள் காது மிஷினைத் திருகிக்கொண்டிருந்தார்.
சந்தேகத்தின் பலன் சுடுகிறவருக்கு என்று விதி.

"தவறியதுதான். எழுதிக்கொள்" என்றாள் டோர்லீன்.
என்னைக் கடக்கும்போது மெல்ல:
"நீதானே எண்ணினாய், உனக்குத் தெரியுமே."

குனிந்து பொறுக்கினேன்.
திரும்ப நிரப்ப முடியாத ஓடு.
விரலில் நிற்காமல் நழுவுகிறது.
பொட்டு வைக்கவும்
இடமில்லை.