கழுவாத பெட்டிகள்

உவர்மலை. இரவு ஒன்றே முக்கால்.
மின்விசிறி ஓடுகிறது, படம் ஓடவில்லை.
ஓடுகிறது, பிறகு திக்குகிறது.
நாலு வினாடிக்கு ஒருதரம்
துறைமுக வரைபடத்தின் நீலம்
தொண்டையில் முள் சிக்கினது போல நின்றுபோகிறது.

பிழை என் டிரைவரில்தான்.
கொழும்பில் இருப்பவர்கள் அதை
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

கணக்கு இது:
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட், ஒரு பேஜ்.
பிறக்கையில் எல்லாப் பேஜும்
கேஷ் வீட்டுக்குப் போய்வந்து பழகியவை.
என் கிராபிக்ஸ் சிப்புக்கு அந்தப் பழக்கம் ஆகாது.
எழுதியது ஏதோவொரு கோரின் மடியில் கிடக்க,
சிப் நேரே மெமரியைப் பார்த்துப்
பழையதை வாசித்துவிடும்.
ஆகவே கொடுக்கும் முன் சொல்ல வேண்டும்:
இனி நீ கேஷ் பக்கம் போகாதே.

சொல்வது ஒரு வரி.
அந்த ஒரு வரிக்கு
எட்டு கோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு
மனப்பாடம் செய்த விலாசங்களைத் துடைக்கின்றன,
மடியை உதறுகின்றன,
உதறி முடித்தது முடிக்காததற்காகக் காத்து நிற்கிறது.
திருப்பிக் கொடுக்கையில்
மறுபடி அதே கூத்து, தலைகீழாக.
ஒவ்வொரு பிரேமுக்கும் நான்
வாங்கினேன், மாற்றினேன், மாற்றினேன், கொடுத்தேன்,
என்னை நேர்மையானவள் என்று நினைத்துக்கொண்டு.

விடியப்புறம் கொட்பேக்குப் போனேன்.
மீனுக்கல்ல, நித்திரை வராமல்.
ஜுனைதீனின் வாடிக்குப் பின்னால்
ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், நாறிக்கொண்டு.
"கழுவுறேல்லையா?"
"எதுக்கு? நாளைக்கும் சூரைதானே."
கழுவினால் சுடுதண்ணி, சுண்ணாம்பு, அரைநாள் வெயில்.
கல்யாணவீட்டுக்காரர் சோடாவுக்குக் கேட்டால் மட்டும்
கழுவுவாராம், கேட்ட அளவுக்கு.
ஒன்றுகூட அதிகமாய் இல்லை.

திரும்பி வருகையில் பஸ் நிலையத்தடியில்
மான்கள் நடுவீதியில் படுத்திருந்தன.
சாரதி ஹோர்னை அமுக்கி அமுக்கிக் களைத்தார்.

அன்று பூலை எழுதினேன்.
வந்த பேஜைக் கெர்னலிடம் கொடுக்காமல்,
குணம் மாற்றாமல்,
ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று
அளவுவாரியாக அடுக்கினேன்.
பூச்சியம் நிரப்புவதை மட்டும் விடவில்லை.
வாடை இருக்கலாம், செதில் இருக்கக்கூடாது;
முன்னிருந்தவரின் கடவுச்சொல்லை
அடுத்தவர் படத்தின் மூலையில் கண்டெடுத்த கதை
எனக்குத் தெரியும்.

நீலம் அசைந்தது.
பைலட் படகின் சிறு முக்கோணம்
உட்துறைமுகத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று.
மூன்று நாள் சந்தோஷம்.

நாலாம் நாள் அதே கணினியில்
அலைமட்டம் பதிகிற செயலி செத்துக் கிடந்தது.
காரணம்: மெமரி இல்லை.
இருந்தது. என் பூலில் இரண்டு ஜிகாபைட்,
அதற்கும் உதவாமல் எனக்கும் உதவாமல்,
பிறகு தேவைப்படும் என்று.

சீனன்குடாவைப் பஸ் கடக்கையில்
காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் தெரியும்.
பிறகு தேவைப்படும் என்று
ஒரு யுத்தத்துக்கு முன் யாரோ கட்டியவை.
அன்று பார்க்காமல்
ஃபோனைக் குனிந்து கொண்டிருந்தேன்.

கெர்னல் நெருக்கினால் கொடு என்று எழுதினேன்.
நெடுநாள் தொடாததை முதலில்.
ஐந்நூறு பேஜைச் சேர்த்து
எட்டுப் பேருக்கும் ஒரே உதறல்.
கேட்ட அளவுக்கு.

பூலின் உச்சம்: மெமரியில் பாதி.
ஏன் பாதி, என்று மீளாய்வில் கேட்டார்கள்.
விடை இல்லை.

ஜுனைதீனிடம் போய்
எத்தனை பெட்டி வரைக்கும் வைப்பீர்கள் என்றேன்.
ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து
விரலை மேலே நீட்டினார்.
தகரக் கூரை.
அதிலும் ஒரு ஓட்டை; அதற்கு நேர்கீழே மட்டும்
பெட்டி அடுக்கவில்லை.

பாதியை அப்படியே விட்டேன்.