தண்ணீர் காட்டுதல்

ஆறு மணி நேரம்
எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது.
ஃப்ளஷ் செய்யக் கூடாது.
நடுராத்திரியில் தாகமெடுத்தால்
பாலோ பழச்சாறோ குடித்துக்கொள்ளுங்கள்.
விடிந்ததும், பல் துலக்கும் முன்,
சமையலறைக் குழாயில் வருகிற முதல் லிட்டர்
இந்தப் புட்டியில்.
மூடி வாசலில் வையுங்கள்.
நான் வந்து எடுத்துக்கொள்வேன்.

பதினோரு வருடமாகச் சொல்கிறேன் இதை,
விஸ்கான்சினில்,
காகித ஆலை மூடிய பின்னும்
ஆலையின் வாடை மூடாத ஊரில்.
ஓடுகிற தண்ணீர் எதையும் சொல்லாது.
ஆறு மணி நேரம் அசையாமல் கிடந்த தண்ணீர்
எதன்மேல் கிடந்தோம் என்று சொல்லிவிடும்.

காஸிமிர் ஸ்டென்செல்
புட்டியைக் கம்பளிக் கையுறைக்குள் நுழைத்து வைப்பார்,
உறைந்துவிடக் கூடாதாம்.
ஒடெஸா புரூயிட் ஒரு சீட்டும் ஒட்டியிருப்பார்:
"மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் மறந்துபோய்
ஃப்ளஷ் செய்துவிட்டார். மன்னிக்கவும்."
அதைக் கொட்டிவிட்டு
இன்னொரு புட்டி தரவேண்டும்.
இவ்வளவு நேர்மையானவர்கள்.

அப்புறம் ஒரு வரி உண்டு.
படிவத்தில் இராது. வாயால் சொல்வது.
"படுக்கப் போகுமுன்
ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிடுங்கள்."
அவ்வளவுதான். இதில் பொய் எங்கே?
உதிர்ந்து கிடப்பதெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.
காலையில் எண் இறங்கியிருக்கும்.
பத்தில் ஒன்பது வீடு
பதினைந்துக்குள் அடங்கினால் ஊர் பாஸ்.
"நல்ல சாம்பிளுக்கு ஒரு சின்ன யோசனை"
என்றுதான் சொல்லித் தந்தார் மேலதிகாரி ஆல்விக்.
சிரிக்காமல் சொன்னார்.
நானும் சிரிக்காமல்
ஊருக்கே தண்ணீர் காட்டினேன்.

ஜனவரியில் கிளர்மாண்ட் தெரு,
மாய் யெர் வாங் புதிதாக வாங்கிய பழைய வீடு.
நிலவறையில் குழாயைச் சாவியால் சுரண்டினேன்.
கறுப்புக்கு அடியில் பளிச்சென்று வெள்ளை.
காந்தம் ஒட்டவில்லை.
ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம், என்பார்கள்.
இங்கே இரண்டும் ஒரே மூட்டில் பற்றவைக்கப்பட்டு
எழுபது வருடமாகச் சேர்ந்தே இளிக்கின்றன.

"குழந்தைக்குப் பால் மாவு கரைக்கிறேன்," என்றாள்.
"நன்றாகக் கொதிக்க வைத்துத்தான்."
கொதித்தால் ஆவியாகிப் போவது தண்ணீர்.
மற்றது இருந்த இடத்தில் இருக்கும்,
கொஞ்சம் அடர்த்தியாக.
அவளிடம் சொன்னேனா? சொன்னேன்.
சொல்லும்போது புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவைத் திறந்து
குளிர்பெட்டியில் ஒட்டிய தாளில்
ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டாள்.
"இன்னும் ஏதாவது?"

இல்லை, என்றேன்.

மறுநாள் வாசற்படிப் பனியில்
அவளுடைய முதல் லிட்டர்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தூசி இல்லை, நிறம் இல்லை.
ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தால்
யாரும் குடிப்பார்கள்.

நாற்பத்து மூன்று.

"அவளிடம் என்ன சொன்னாய்?" என்றார் ஆல்விக்.
படிவத்தில் இருந்ததை.
தாளைக் கவிழ்த்து வைத்தார்.
ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில்
ஊர்ப் பெயர், அதன் கீழே சிரிக்கிற மீன்,
போன கோடையில்தான் வண்ணம் பூசினோம்.

இன்றிரவு ஒவ்வொரு வீடாக ஃபோன் செய்கிறேன்.
யாரும் செய்யச் சொல்லவில்லை.
காஸிமிர் எடுக்கவில்லை.
ஒடெஸா எடுத்தார்.
"மறுபடியுமா? இந்த முறை அவரைக் கட்டிப்போடுகிறேன்."
ஆமாம், மறுபடி.
ஆனால் படுக்குமுன் எதையும் திறந்துவிட வேண்டாம்.
"ஐந்து நிமிடம்?"
வேண்டாம்.
"முன்னெல்லாம் சொல்வீர்களே?"

சொன்னேன், என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
அவருக்குப் பின்னால்
பாத்திரத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த குழாய்
நின்றது.